வலித்தால் இடது கையைத் தூக்கு

1

இதை எழுதுவதற்கு அக்காவிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அவள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "எழுதுனா முழுசா எழுதணும் கேட்டியா. பாதிய மறச்சு வைக்காத." ஆகவே நான் வழக்கமாக ஊருக்கு எழுதி அனுப்பும் பனி, பஸ் நேரம், முருங்கைக்காய் கிடைக்காத துக்கம் எதுவும் இந்தத் தடவை கிடையாது. இது பல்லைப் பற்றியது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் ஊரில் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். உதியன்குளங்கரையிலிருந்து அக்கா கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்துப் பயற்றுருண்டையில் ஒன்றைக் கடித்தேன். பல்லில் கல் தட்டியது. பயறை ஒழுங்காகப் புடைக்கவில்லை என்று அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே கையில் துப்பினேன். கல் இல்லை. துவரம்பருப்பு அளவில், வெள்ளையாக, வழவழவென்று ஒரு துண்டு. குழாயில் கழுவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு தானாகப் போய்க் கீழ்க்கடைவாயில் ஒரு பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

ஆகஸ்ட் லீவில் அக்கா அடைத்துவிட்ட பல் அது. நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அக்கா பல் டாக்டராகி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் கையால் அடைத்த ஒன்று என் வாயிலிருந்து விழுவது இதுதான் முதல் தடவை. பழைய மாத்திரை டப்பா ஒன்றில் அதைப் போட்டு வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது தெரியாது. டப்பா பிறகு உதவியது.

2

கேரள எல்லையில் எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்களின் லீவில் சில காரியங்கள் தப்பாது. கல்யாண வீடு, பத்திர ஆபீஸ், கல்லறைத் தோட்டம், பல் டாக்டர். இங்கே பல் வலித்தால் அரசு செலவில் பார்க்கும் இடங்களில் "புதியவர்களைச் சேர்ப்பதில்லை" என்று பதில் வரும். தனியாரிடம் போக மனசு வராது. கிராம்பை ஒதுக்கிக்கொண்டு ஆகஸ்ட் வரை ஓட்டுவோம். விமானம் இறங்கி இரண்டாம் நாள், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்போம்.

என் அக்கா டாக்டர் கிரேஸின் கிளினிக், உதியன்குளங்கரை சந்திப்பில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. போர்டில் மலையாளமும் ஆங்கிலமும் பெரிதாக இருக்கும். கீழே தமிழில் சின்னதாக 'பல் மருத்துவமனை'. களியக்காவிளைக்குப் போகிற பஸ்கள் ஜன்னலுக்குக் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். குன்னத்துகால் ரப்பர்க்காரர்களும் கள்ளிக்காடு ஊரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாமார்களும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். அக்கா தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பாள், ஆள் பார்த்து மாற்றுவாள். எங்கள் சபையிலிருந்து பல் டாக்டருக்குப் படித்த முதல் பெண் அவள். அந்தப் பெருமையை எங்கள் குடும்பம் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

அவள் படிக்கிற காலத்தில் பழகிப் பார்க்கக் கிடைத்த வாய் என்னுடையது. முதல் நாளே ஒரு விதி சொன்னாள்: "எலே, வலிச்சா இடது கையத் தூக்கு. வாயத் தொறந்து வச்சிட்டுக் கத்தினா எனக்கு மனசிலாவாது." கையைத் தூக்கினால் எந்த இடத்திலும் நிறுத்திவிடுவாள். இன்றும் எந்த நோயாளி உட்கார்ந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வாள்.

முன்பெல்லாம் சொத்தையைக் கடைந்து ஈயக் கலரில் அடைப்பார்கள், சிரித்தால் கறுப்பாகத் தெரியும். பல் நிறத்திலேயே அடைக்கிற மருந்து வந்த பிறகுதான் அக்காவின் கைக்குப் பெயர் வந்தது. நோயாளியை ஜன்னல் பக்கம் திருப்பி, பகல் வெளிச்சத்தில் பல்லைப் பார்ப்பாள். மாதிரிப் பல் வரிசையை எடுத்துப் பொருத்திப் பார்க்கிற பழக்கம் கிடையாது. பார்த்ததும் நிறம் சொல்லிவிடுவாள். பிறகு நீல ஜெல்லைத் தடவிக் கழுவுவாள். காற்றடித்து உலர்த்துவாள். சின்னத் தூரிகையால் ஒரு குப்பியிலிருந்து பசையைத் தடவி நீல வெளிச்சம் காட்டுவாள். அதற்குமேல் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, ஒவ்வொரு தடவையும் மறுபடி அந்த நீல வெளிச்சம். முடிந்ததும் கண்ணாடியைக் கையில் கொடுப்பாள். "எங்க வச்சேன்னு கண்டுபிடி பாப்பம்." யாரும் கண்டுபிடித்ததில்லை.

பக்கத்தில் ஓமனா நிற்பாள். இருபத்திரண்டு வருடம் அக்காவுக்கு உதவி. அக்கா கையை நீட்டுவாள், ஓமனா எடுத்து வைப்பாள். இருவரும் அந்த நேரத்தில் பேசி நான் கேட்டதில்லை. போன ஜூலையில் முட்டுவலி தாங்காமல் ஓமனா மகள் வீட்டோடு கள்ளிக்காட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் ஆகஸ்ட் லீவில் வேறு ஒரு பெண் நின்றாள்.

3

இங்கே ஒரு பல் டாக்டரைப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. போனில் வரிசை, பிறகு ஒரு படிவம், பிறகு அந்தப் படிவம் வந்து சேரவில்லை என்று ஒரு கடிதம். கடைசியில் நேரில் போனால், வரவேற்பில் இருந்த பெண் "எங்கிருந்து வருகிறீர்கள்" என்று கேட்டாள். கேரளா, தமிழ்நாட்டு எல்லை என்றேன். "ஓ, அங்கே சண்டையா?" என்று பரிதாபப்பட்டாள். ஆமாம், பஸ்ஸில் சீட்டுக்கு என்று சொல்ல நினைத்தேன். அந்த ஊர் ஆங்கிலத்தில் சட்டென்று சிரிப்பு வரவைக்கிற பழக்கம் பதினாலு வருடமாகியும் எனக்கு வாய்க்கவில்லை.

டாக்டர் போலந்துக்காரப் பெண். அவளும் என்னைப் போல வந்தவள். டப்பாவிலிருந்த துண்டை வாங்கி விளக்கின் கீழே வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நிறம் அற்புதமாக இருக்கிறது. இவ்வளவு சரியாக எனக்கு வராது" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு சொன்னாள்: "ஆனால் இது ஒட்டவே இல்லை. உடைந்து விழவில்லை, அப்படியே கழன்றிருக்கிறது. பசை தடவிய அடையாளமே இல்லை. வெறுமனே பள்ளத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது."

"யார் செய்தது?" என்று கேட்டாள்.

"ஊரில் ஒரு டாக்டர்" என்றேன்.

அவள் குறித்துக்கொண்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். "விழுந்தது உங்கள் அதிர்ஷ்டம். சிலருக்கு விழாமல் மாதக்கணக்கில் நிற்கும். ஓரத்தில் இடுக்கு இருக்கும், அடியில் அரித்துக்கொண்டே போகும். மேலே பார்த்தால் அழகாக இருக்கும். அதுதான் மோசம்."

4

அடுத்து விழுந்தது ரெஜிக்கு. குன்னத்துகால்காரன், இங்கே லாரி ஓட்டுகிறான். ஞாயிறு மாலை வாடகை ஹாலில் நடக்கும் எங்கள் ஜெபக்கூட்டத்தில் டீ வேளையில் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிரித்துக் காட்டினான். "அண்ணா, ஒங்க அக்கா வச்சது. பாட்டுப் பாடும்போ நாக்குல வந்து விழுந்துச்சு."

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேரை அக்காவிடம் அனுப்பியவன் நான்தான். வாயைத் திறந்து பொய் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இந்தக் குளிருக்கு அந்தப் பசை சுருங்கும் ரெஜி. அங்க உள்ள மருந்து அங்க உள்ள சூட்டுக்கு ஆக்கும். ஐஸ் போட்ட எதையும் கடிக்காத" என்றேன். டாக்டரின் தம்பி சொல்கிறான் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். பல் மருத்துவத்தில் நான் கண்டுபிடித்த இந்தத் தத்துவம் இரண்டு வாரத்தில் வாட்ஸ்அப் குழு முழுக்கப் பரவிவிட்டது. ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் நல்லது என்று யாரோ அதில் சேர்த்திருந்தார்கள்.

ஜனவரிக் கடைசியில் ரெஜி தங்கையின் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனான். "அக்காட்டயே ஒருக்கா காட்டு, சும்மா செஞ்சு தருவா" என்று நானே சொல்லி அனுப்பினேன். அதே பல்லை அக்கா மறுபடி அடைத்தாள். மார்ச்சில் மறுபடி விழுந்தது. அதற்குள் ரெஜியின் மனைவிக்கும் இன்னும் மூன்று பேருக்கும் விழுந்திருந்தது. ஆள் ஆளாக வந்து என்னிடம் காட்டினார்கள். விழுந்ததை என் கையில் கொடுத்துவிட்டும் போனார்கள், நான் ஏதோ ஏஜெண்ட் என்பதுபோல. மாத்திரை டப்பா ஆட்டினால் சத்தம் வருகிற அளவுக்கு ஆயிற்று.

இனி, நான் மறைத்ததைச் சொல்கிறேன். எனக்கு முதல் துண்டிலேயே தெரியும்.

இங்கே நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மறதி முற்றியவர்கள் இருக்கும் பிரிவு. வாரத்துக்கு ஒருமுறை சிலரிடம் படிவத்தோடு உட்கார்ந்து கேள்வி கேட்பேன். இன்றைக்கு என்ன கிழமை? வெளியே இது எந்தக் காலம்? மூன்று வார்த்தை சொல்வேன், குடை, ஆறு, சாவி. ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பேன். ஒரு காலத்தில் தையல்காரியாக இருந்த ஒரு கிழவி இப்போதும் துணியை அழகாக மடிப்பாள், வெட்டுவதுபோல் கை போகும். ஊசியில் நூல் கோக்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. கை எல்லாவற்றையும் செய்யும். நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கும்.

எங்கள் அப்பா பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பதும் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு அதிகாரம் முழுக்க வாசித்தார், புத்தகத்தை மூடினார், மறுபடி திறந்து அதே அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தார். சபை முழுக்க அசையாமல் இருந்து கேட்டது. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருத்தர்கூட எழுந்துபோய் "சார், வாசிச்சாச்சு" என்று சொல்லவில்லை. எல்லாரும் அவரிடம் படித்தவர்கள், மரியாதை. நானும் அக்காவும் இரண்டாம் பெஞ்சில் இருந்தோம், நாங்களும் சொல்லவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் அவரை எல்லாரும் அப்படி மரியாதையாகவே விட்டோம், ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி ரயில் பாதையில் நடந்துகொண்டிருந்தவரைக் கண்டெடுக்கும்வரை.

அன்று புத்தகத்தை இரண்டாம் முறை திறந்தபோது அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. அக்காவுக்கு இப்போது ஐம்பத்தாறு. எனக்கு ஐம்பத்தொன்று. பயந்தது அக்காவுக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் பாதியை மறைப்பதுதான்.

5

பிப்ரவரியில் அப்பாவின் நினைவு நாள். வருடா வருடம் அக்கா வீட்டில் ஜெபம் நடக்கும், நான் வீடியோவில் சேர்ந்துகொள்வேன். ஜெபம் முடிந்து அக்கா போனைக் கையில் எடுத்தாள். முகம் நன்றாகத்தான் இருந்தது.

"நீனா பல்லு எப்பிடி இருக்கு? கலர் மாறேலயே?"

நீனா என் மகள். பதினாறு வயது. ஆகஸ்டில் அவளுக்கும் ஒரு கடைவாய்ப் பல்லை அக்கா அடைத்திருந்தாள்.

"நல்லா இருக்கு அக்கா."

பலாச்சக்கை இந்த வருஷம் முன்னாலேயே வந்துவிட்டது என்றாள். பாறசாலை ரயில்வே கேட்டில் கூட்டம் என்றாள். பிறகு, "நீனா பல்லு எப்பிடி இருக்கு மக்கா? கலர் மாறேலயே?"

"இல்ல அக்கா."

சமையலறையிலிருந்து அத்தான் ஏதோ கேட்டார். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காதே, கேட்காதே என்று எனக்குள் ஒருவன் கெஞ்சினான்.

"எலே, நீனாக்க பல்லு?" என்றாள்.

"லைன் கட்டாவுது அக்கா, பெறகு கூப்பிடுதேன்" என்று அணைத்தேன். லைன் தெளிவாகத்தான் இருந்தது.

அன்றைக்கே நீனாவைப் போலந்து டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் அது சந்தேகப்படுவதாக ஆகிவிடும். நான் சந்தேகப்பட்டேன் என்று என்றாவது அக்காவுக்குத் தெரிந்துவிடும். தினமும் நீனா கொட்டாவி விடும்போது கண்ணை ஓட்டிப் பார்ப்பேன். வெள்ளையாக, அழகாக, இருக்குமிடம் தெரியாமல் இருந்தது.

6

ஏப்ரலில், பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, நீனாவுக்குக் கன்னம் வீங்கியது.

நீனாவிடம் தமிழ் அநேகமாகப் போய்விட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இரண்டு பேரும் இதற்குப் பழகிவிட்டோம். கடந்த இரண்டு லீவுகளிலும் ஊருக்கு வரமாட்டேன் என்று அழுதாள். மிச்சமிருக்கும் தமிழ் வார்த்தைகளில் ஒன்று 'மாமி'. எங்கள் பக்கம் அத்தையை அப்படித்தான் கூப்பிடுவோம், அது அக்காவுக்கு மட்டும். எட்டு வயதில் விழுந்து முன்பல் உடைந்தபோது, அதைப் பழையபடி செய்து கண்ணாடியைக் கொடுத்தவள் மாமி.

எக்ஸ்ரேயில் வெள்ளை அடைப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு நிழல் இருந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே மெத்தென்று போயிருந்தது, வேர்வரைக்கும். டாக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்குச் செய்த அதே டாக்டரா?" என்று கேட்டாள். நான் யோசிக்கிற நேரத்தில் நீனா மரத்துப்போன வாயால், "ஆமாம், என் மாமி" என்று சொல்லிவிட்டாள்.

காரில் வரும்போது நீனா கேட்டாள், உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா என்று. வண்டி ஓட்டுவதில் கவனமாக இருப்பதுபோல் இருந்தேன்.

"நீங்கள் வேலை செய்யும் இடத்தில் யாராவது இப்படி இருந்தால் என்ன செய்வீர்கள் அப்பா?"

"ஒரு படிவம் இருக்கிறது."

"மாமிக்கு ஏன் நிரப்பவில்லை?"

அவள் அதைக் கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் கையை என் கைமேல் வைத்திருந்தாள். அன்று மாலையே டிக்கெட் போட்டேன்.

7

திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்சியில் நெய்யாற்றின்கரை தாண்டும்போது, ஓமனாவின் மகள் நம்பரைத் தேடிப்பிடித்து அழைத்தேன். ஓமனா சந்தோஷப்பட்டாள். முட்டுவலியைப் பற்றிச் சொன்னாள், அணையில் தண்ணீர் குறைந்ததைச் சொன்னாள். நான் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"டாக்டர் கை நீட்டும், நான் எடுத்து தரும்" என்று அவளுடைய மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள். "என்ன வேணும்னு டாக்டர் சொன்னதே இல்ல, சாறே. ஆத்யம், மொதல்ல எல்லாம் அது பழக்கம். கடைசி ரெண்டு கொல்லமா, நான் எடுத்து தரலேன்னா... டாக்டர் கைய நீட்டிக்கிட்டு அப்படியே இருக்கும். எது வேணும்னு தெரியாம."

"ஓமனா, நீ யாரிட்டயும் சொல்லலியா?"

"டாக்டர பத்தி நான் எப்படி பறையும் சாறே?"

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை என்று வெட்கமாக இருந்தது. இரண்டு வருடமாக அக்காவின் ஞாபகம் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது, முட்டுவலி வந்து கள்ளிக்காட்டுக்குப் போய்விட்டது. அதற்கு அப்புறம் உட்கார்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லாரும்.

வீட்டு வாசலிலேயே அத்தான் என்னைத் தென்னை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கரண்ட் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற மனுஷன், சத்தமாகப் பேசித்தான் பழக்கம். அன்று குரல் கீழே இருந்தது.

"நீ என்னத்துக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். அவளுக்குக் கொஞ்சம் தளர்ச்சி, வேற ஒண்ணும் இல்ல. நீ ஒண்ணும் கேக்காண்டாம்."

"அத்தான், இங்க உள்ளவிய யாரும் வந்து சொல்லேலயா?"

"வாறாவ." வேலியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வாறவியள்ட்ட நான் சொல்லிருவேன், கம்பெனி மருந்து செரியில்லன்னு. அவிய மாடி ஏறி அவகிட்ட போறதுக்கு முன்ன நான் கீழ மருந்துக்கடையில நின்னு சொல்லி அனுப்பிருவேன்." பிறகு என் தோளைப் பிடித்தார். "அந்த நாற்காலிய எடுத்தா அவ என்ன செய்வா, சொல்லு? எனக்கு வேற என்ன தெரியும்?"

என் குளிர்த் தத்துவமும் அவருடைய கம்பெனி மருந்தும் ஒரே சரக்குத்தான். நான் கடல் தாண்டி நின்று சொன்னேன், அவர் மாடிப்படிக்குக் கீழே நின்று சொன்னார்.

8

மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளினிக்குக்குப் போனேன். "அக்கா, நீ வச்ச பல்லு ஒண்ணு கழண்டு போச்சு" என்றேன். இங்கிலாந்தில் அதைத் தற்காலிகமாகத்தான் அடைத்திருந்தார்கள், வேண்டுமென்றே அப்படிக் கேட்டு வாங்கியிருந்தேன்.

"அதுக்கென்ன, வா மக்கா." அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். நாற்காலியைச் சாய்த்தாள், என்னை ஜன்னல் பக்கம் திருப்பினாள். பகல் வெளிச்சத்தில் அவள் முகம் எனக்கு மேலே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அதே கூர்மையான கண்.

"ஏ த்ரீ. ஒனக்கு எப்பவும் கலர் ஏ த்ரீதான். வலிச்சா?"

"இடது கை" என்றேன்.

"ம்."

புதிதாக வந்த மினி என்ற பெண் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். நாற்பது வயதிருக்கும், நல்ல பெண், கேட்டால் எடுத்துத் தருவாள். அக்கா கேட்பதில்லை. தட்டில் எல்லாமே இருந்தன. நீல ஜெல் ஊசி, தூரிகை, மருந்து, விளக்கு. ஓரத்தில் கறுப்பாக ஒரு சின்னக் குப்பி.

கன்னத்தில் பஞ்சு வைத்தாள், எச்சில் உறிஞ்சும் குழாயைக் கொளுவினாள். பழைய அடைப்பை எடுத்தாள். கை எவ்வளவு லேசு! ஊசி போட்ட இடம்கூடத் தெரியவில்லை. நீல ஜெல்லைத் தடவினாள். வாய்க்குள் எண்ணினாள். கழுவினாள். காற்றடித்தாள். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடு அக்கா. அந்தக் குப்பியை எடு. ஒருவேளை எடுத்துவிட்டால் நான் எல்லாருக்கும் வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம், நீனாவுக்குக்கூட. அக்காவின் கை தட்டின் மேல் ஒரு கணம் நின்றது. விரல்கள் விரிந்து, யாரோ எதையோ வைப்பார்கள் என்பதுபோல் காத்திருந்தன. யாரும் வைக்கவில்லை. கை நகர்ந்து மருந்தை எடுத்தது.

நான் இடது கையைத் தூக்கினேன்.

உடனே நிறுத்தினாள். "வலிக்கா மக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். வாயில் குழாய், பஞ்சு. அந்தக் குப்பியை விரலால் காட்டினேன்.

"அது தடவியாச்சுலே."

மறுபடி தலையை ஆட்டினேன். கையை இறக்கவில்லை.

அக்கா மருந்தைக் கீழே வைத்தாள். குப்பியை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். பேனாவால் 'திறந்தது' என்று ஓமனா எழுதிவைத்து, தேதிக்கு இடம் விட்டிருந்தாள். போன ஜூலையில், போகிற அன்றைக்கு, புதிதாக எடுத்துவைத்த குப்பியாக இருக்க வேண்டும். தேதி எழுதவில்லை. மூடியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் வளையம் உடையாமல் அப்படியே இருந்தது.

அக்கா அந்த வளையத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். கீழே ஒரு பஸ் வெகுநேரம் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது.

"மினி, நீ போயி மூணு சாயா வாங்கிட்டு வா" என்றாள். மினி படியிறங்கும் சத்தம் முழுக்க ஓயும்வரை காத்திருந்தாள். நான் எழப் பார்த்தேன். என் நெஞ்சில் கையை வைத்து அழுத்தினாள்.

"எங்கிட்ட யாரும் சொல்லேல" என்றாள். "அப்பாக்கிட்டயும் யாரும் சொல்லேல இல்லியா? ரெண்டாம் பெஞ்சில இருந்துட்டு நாமளும் சொல்லேல."

அவள் கண்ணில் நீர் இல்லை. நோயாளியிடம் கேட்பதுபோல், குரல் மாறாமல் கேட்டாள்.

"எத்தன பேருக்கு விழுந்துதுலே?"

வாயில் குழாய் இருந்தது. தூக்கிய இடது கையை நான் இன்னும் இறக்கவில்லை. ஐந்து விரலையும் விரித்தேன். பிறகு வலது கையையும் தூக்கினேன்.